சதுர அடிக்கு இரண்டு ரூபாய் போதுமா?

மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், அடையாளங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் பல வருடங்களாக வீடுகளிலும் கடைகளிலும் கண்ணாடி துடைப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது போன்ற வேலைகளை எடுத்துச் செய்கிறார். ஆறு பேர் அவரிடம் தினக்கூலிக்கு வருகிறார்கள். நான்கு பேருக்குக் கயிற்றில் இறங்கத் தெரியும். இப்போது முதல் முறையாக ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் சோழிங்கநல்லூர் பக்கம், தரைத்தளமும் 11 மாடியும் கொண்ட ஐ.டி. அலுவலகக் கட்டடம். இரண்டு பக்கம் கண்ணாடி, இரண்டு பக்கம் ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கலப்புத் தகடு. சுற்றளவு 140 மீட்டர், உயரம் 44 மீட்டர், மொத்தம் ஏறக்குறைய 66,000 சதுர அடி. கட்டி முடித்து இரண்டு வருடமாகியும் வெளிப்புறத்தை ஒருமுறைகூடக் கழுவவில்லை. வருடத்துக்கு நான்கு சுற்று வேலை. சனி, ஞாயிறு மட்டும் அனுமதி. அக்டோபர் நடுவில் தொடங்க வேண்டும்.

போட்டியில் இருக்கும் இன்னொருவர் சதுர அடிக்கு 2.25 ரூபாய் என்று விலை கொடுத்திருக்கிறார். "நான் 2 ரூபாய் கொடுத்தால் வேலை எனக்குத்தான். ஒரு சுற்றுக்கு 1,32,000 வரும். ஆறு நாள் கூலி 46,800, கழுவும் மருந்து, வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 24,000. மிச்சம் அறுபதாயிரம்" என்று எழுதியிருக்கிறார். ஒப்பந்த நகலில் 90 நாள் கழித்துப் பணம், தாமதமானால் நாளுக்கு 1 சதவீதம் அபராதம், எந்தக் கண்ணாடியில் கீறல் இருந்தாலும் முழுப் பொறுப்பு என்று விதிகள் இருக்கின்றன. "ஆட்களிடம் 'விபத்து நடந்தால் முதலாளி பொறுப்பில்லை' என்று முத்திரைத் தாளில் எழுதி வாங்கிவிட்டால் பயமில்லைதானே? கயிற்றை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிக்கொள்ளலாம் என்று கட்டடத்தின் மேலாளர் சொல்கிறார், கட்டலாமா? கையெழுத்துப் போடட்டுமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

நண்பரே, கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த விலையிலும் இந்த விதிகளிலும் வேண்டாம் என்கிறேன். ஒப்பந்தத் தகராறு, விபத்து இழப்பீடு ஆகிய இரண்டும் என் வேலை என்பதால், சின்ன காண்ட்ராக்டர்களின் கணக்குத் தாள்களை நிறையப் பார்க்கிறேன். விபத்து நடந்த பிறகு அந்தத் தாளைப் பார்த்தால் எந்தச் செலவை விட்டுவிட்டு விலை குறைத்தார்கள் என்பது பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் அது இரண்டாவது கயிறாகவோ மேலே நிற்க வேண்டிய ஆளாகவோ இருக்கும். சில சமயம் காப்பீடாக இருக்கும். அதனால் சட்டத்துக்குப் போகும் முன் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சதுர அடியில் பில் போடலாம், வேலையை அளக்க முடியாது

உங்கள் ஆட்கள் சதுர அடி சதுர அடியாக வேலை செய்வதில்லை. மொட்டை மாடியிலிருந்து இறங்கி, கைக்கு எட்டும் அகலத்தைச் சுத்தம் செய்து, தரையைத் தொட்டு, மறுபடி மேலே போய்க் கயிற்றை நகர்த்துகிறார்கள். நீங்கள் அதை டிராப் என்கிறீர்கள். ஒரு டிராப்பில் 2 மீட்டர் அகலம் எட்டும் என்று வைத்தால், 140 மீட்டர் சுற்றளவுக்கு 70 டிராப். உங்கள் செலவைத் தீர்மானிப்பது இந்த எழுபதுதான்.

மாதிரிக்கு ஒரு டிராப் செய்து காட்டியபோது இரண்டரை மணி நேரம் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டிராப், நான்கு பேருக்குப் பன்னிரண்டு, ஆக ஆறு நாள் என்று போட்டுவிட்டீர்கள். மூன்று டிராப் என்றால் ஏழரை மணி நேரம் ஹார்னஸில் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையில்) தொங்க வேண்டும். கயிறு நகர்த்துவது, விளிம்பில் பாதுகாப்பு உறை போடுவது, சாப்பாடு, வெயில் எதுவுமே கணக்கில் இல்லை. இரண்டு வருட அழுக்கு இருக்கும் முதல் சுற்றில் நாளைக்கு இரண்டு டிராப் என்பதுதான் நியாயம். அப்படியானால் ஒன்பது நாள். சனி, ஞாயிறு மட்டும் என்றால் ஐந்து வாரம். வண்டியும் சாமான்களும் ஐந்து முறை போய்வர வேண்டும்.

உங்கள் கூலி விகிதத்தையே வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 7,800. மேலே நின்று கயிற்றையும் காற்றையும் மட்டுமே பார்க்கும் மேற்பார்வையாளர் ஒருவர் உங்கள் பட்டியலில் இல்லை. அவருக்கு 2,000 சேர்த்தால் 9,800. ஒன்பது நாளுக்கு 88,200. மழை, காற்று என்று மூன்று நாள் வேலை நின்று அரைக்கூலி கொடுத்தால் 14,700. மருந்து, வண்டி, தண்ணீர் ஐந்து வாரத்துக்கு 36,000. மொத்தம் 1,38,900. கேட்க நினைத்த 1,32,000 இதற்கே போதாது. கயிற்றுத் தேய்மானம், காப்பீடு இரண்டுக்கும் சுற்றுக்கு 20,000 ஒதுக்கினால் 1,58,900 ஆகிறது. உங்கள் உழைப்புக்கும் எதிர்பாராத செலவுக்கும் 20 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 1,90,700. சதுர அடிக்கு 2.90.

"அவர் 2.25 கொடுக்கும்போது நான் 2.90 கேட்டால் துரத்திவிடுவார்களே" என்று நினைப்பீர்கள். நான்கு சுற்றுக்கும் ஒரே விலை சொன்னால் துரத்துவார்கள். ஆனால் முதல் சுற்று வேறு வேலை, அடுத்த மூன்றும் வேறு வேலை. மூன்று மாத அழுக்குதான் இருக்கும் சுற்றுகளில் ஒரு டிராப் சீக்கிரம் முடியும், அப்போது நாளைக்கு மூன்று என்பது நியாயமே. ஆறு நாள் கூலி 58,800, இரண்டு நாள் அரைக்கூலி 9,800, மருந்து முதலானவை 26,000, கயிறும் காப்பீடும் 20,000, அதன்மேல் 20 சதவீதம். மொத்தம் 1,37,520. சதுர அடிக்கு 2.10 போதும்.

முதல் சுற்று 2.90, மற்ற மூன்றும் 2.10 என்று கொடுங்கள். வருடத்துக்கு 6,07,200 வருகிறது. போட்டியாளரின் 2.25 நான்கு சுற்றுக்கு 5,94,000. வித்தியாசம் 13,200 ரூபாய்தான். இந்தக் கணக்கை மேலாளர் முன் எடுத்து வையுங்கள். எத்தனை டிராப், எத்தனை நாள், மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர் என்று எழுதிய விலைப்புள்ளி வேறு யாரிடமிருந்தும் அவருக்கு வந்திருக்காது. முதல் சுற்றோடு அவர்கள் ஒப்பந்தத்தை முறித்தாலும் நீங்கள் நஷ்டப்பட மாட்டீர்கள், அதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு டிராப்பை வைத்து 70 டிராப்பைக் கணிக்காதீர்கள். ஏ.சி.பி. பக்கத்தில் ஒன்றும், நுழைவாயில் கூரைக்கு மேலே ஒன்றும் செய்து பாருங்கள். கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கயிறு நேராகத் தரைக்கு வராது, நேரம் கூடும். தண்ணீர் யார் தருவது என்பதையும் கேளுங்கள். ஓ.எம்.ஆர். பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி நிற்கும், அந்த வாரமே திரும்பக் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் ஆர்.ஓ. தண்ணீரைத் தருவார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்பது விலைப்புள்ளியில் ஒரு வரியாக இருக்கட்டும். 'ஜி.எஸ்.டி. தனி' என்பது இன்னொரு வரி. அது இல்லாமல், வரியும் அடக்கம் என்று அவர்கள் சாதித்தால், 18 சதவீதம் போக 1,32,000 என்பது 1,11,864 ஆகிவிடும்.

முத்திரைத் தாள் உங்களைக் காப்பாற்றாது

இதை நீங்கள் நம்பிக்கையோடு எழுதியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. வேலையில் அடிபட்டால் கிடைக்க வேண்டிய இழப்பீட்டை ஒரு தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் அந்த எழுத்து செல்லாது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தினக்கூலி என்பதால் அவர் உங்கள் தொழிலாளி இல்லை என்றும் ஆகிவிடாது. உயிர் போனாலோ, இனி வேலையே செய்ய முடியாத நிலை வந்தாலோ, "ஹார்னஸ் கொடுத்தேன், அவன்தான் மாட்டவில்லை" என்ற வாதமும் இழப்பீட்டைத் தடுக்காது.

தொகை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். உயிர் போனால், மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கென்று சட்டத்தில் உள்ள எண்ணால் பெருக்குவார்கள். மாதம் 15,000 என்று வைத்து, 30 வயதுக்காரருக்கு 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமில்லாத தாமதம் என்றால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை தண்டத் தொகையும் உண்டு. கவனக்குறைவால் மரணம் என்று காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் அது இரண்டு ஆண்டாக இருந்தது.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த நான்கு பேரும் உங்களை நம்பிக் கயிற்றில் இறங்குகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய பணம் உங்கள் கையிருப்பில் இல்லை என்றால் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடமாவது இருக்க வேண்டும். டபிள்யூ.சி. பாலிசி என்று எல்லோரும் சொல்லும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியை எடுங்கள். விண்ணப்பத்தில் 'ஹவுஸ்கீப்பிங்' என்று போட்டால் பிரீமியம் குறையும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 44 மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலை என்று தெளிவாக எழுதுங்கள். பாலிசியில் உயரக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கீழே நிற்கும் காரோ நடந்துபோகிறவரோ பாதிக்கப்பட்டால் அதற்கு மூன்றாம் நபர் காப்பீடு தனியாக வேண்டும். ஆட்கள் பத்துப் பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. கட்டாயம், அதையும் மனத்தில் வையுங்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. காண்ட்ராக்டரின் தொழிலாளிக்கு விபத்து என்றால், வேலை கொடுத்த நிறுவனத்திடமும் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர்கள் கொடுத்துவிட்டுப் பிறகு உங்களிடம் வசூலிக்கலாம். அதனால் உங்கள் பாலிசி அவர்களுக்கும் பாதுகாப்பு. விலை பேசும்போது அந்தத் தாளை மேசையில் வையுங்கள்.

கைப்பிடிச் சுவர்

கட்டக் கூடாது. மேலாளர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அந்தச் சுவர் ஒரு மனிதரின் எடையையும் திடீர் இழுப்பையும் தாங்கும் என்று அவரால் எழுதித் தர முடியாது. ஏ.சி. வெளிப்புற யூனிட், தண்ணீர்க் குழாய், ஏணிக் கம்பி எல்லாவற்றுக்கும் இதே பதில். மொட்டை மாடியில் ஆங்கர் (கயிற்றைக் கட்டுவதற்கென்றே பதித்த பிடிமானம்) இருக்கிறதா, அதைச் சோதித்த சான்றிதழ் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து அவர்கள் செலவில் ஆங்கர் போட்டுச் சோதிக்க வேண்டும். அது உங்கள் சதுர அடி விலைக்குள் வரக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு: ஒன்று வேலைக்கு, ஒன்று பாதுகாப்புக்கு, இரண்டும் தனித்தனி ஆங்கரில். ஏ.சி.பி. தகட்டின் விளிம்பு கயிற்றை அறுக்கும், அங்கே உறை இல்லாமல் இறங்கக் கூடாது. நடுவழியில் ஒருவர் மயங்கினால் சில நிமிடங்களில் அவரைக் கீழே கொண்டுவர மேலே பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அசையாமல் ஹார்னஸில் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. தீயணைப்பு வண்டி வரும் வரை காத்திருக்க முடியாது. உங்கள் நான்கு பேருக்கும் இறங்கத் தெரியும் என்கிறீர்கள். இன்னொருவரை மீட்கத் தெரியுமா? தெரியாது என்றால், இராட்டா (கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலைக்கான சர்வதேச அமைப்பு) தருவது போன்ற முறையான பயிற்சி பெற்ற ஒருவரை முதல் சுற்றுக்காவது மேற்பார்வைக்கு அமர்த்துங்கள். அவருக்கு நான் போட்ட 2,000-க்கு மேல் ஆகும். ஆகட்டும், விலையில் ஏற்றிக்கொள்ளலாம்.

கீறல்

புதுக் கட்டடக் கண்ணாடியில் சிமென்ட் துளி, பெயின்ட், சிலிகான் ஒட்டியிருக்கும். பிளேடால் சுரண்டினால் போகும், ஆனால் டெம்பர்டு கண்ணாடியின் (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) மேல் சில சமயம் தயாரிப்பின்போதே கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டியிருக்கும். பிளேடு அதை இழுத்துக்கொண்டு போய் நீளமான கீறலாக்கிவிடும். ஏற்கெனவே இருந்த கீறலும் அழுக்கு போன பிறகுதான் கண்ணில் படும், பழி உங்கள் மேல் விழும்.

அதனால் தொடங்கும் முன் இரு தரப்பும் சேர்ந்து பார்வையிட்டு, தேதியோடு படம் எடுத்து, குறிப்பில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு கண்ணாடியிலும் ஒரு ஏ.சி.பி. தகட்டிலும் மாதிரி செய்து, முறையையும் மருந்தையும் அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். ஆசிட் வேண்டவே வேண்டாம். அலுமினியச் சட்டத்தையும் ஏ.சி.பி. பூச்சையும் அது கெடுக்கும். 'முழுப் பொறுப்பு' என்ற வரியை, 'காண்ட்ராக்டரின் கவனக்குறைவு என்று நிரூபணமான சேதம் மட்டும், அந்தச் சுற்றின் தொகைக்கு மிகாமல்' என்று மாற்றச் சொல்லுங்கள்.

90 நாளும் 1 சதவீதமும்

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துவிடுங்கள், ஆன்லைனில் இலவசம். வேலை முடிந்த பிறகு பதிவு செய்து பழைய பாக்கிக்குப் பாதுகாப்புக் கேட்டால் சிக்கலாகும். குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டியாக ஏறும். சென்னையில் இதற்கென்று வசதியாக்கக் குழு இருக்கிறது, அங்கே மனு போடலாம். காலத்தில் கொடுக்காத தொகையை அவர்கள் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டுவதும் சிக்கலாகிவிடும். பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவு இந்தக் காரணத்துக்காகவே உத்யம் எண்ணைக் கேட்டு வாங்குகிறது.

அதற்காக முதல் சந்திப்பிலேயே சட்டம் பேச வேண்டாம். '30 சதவீதம் முன்பணம், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பில், 30 நாளில் பணம்' என்று கேளுங்கள். 45-க்கு வருவார்கள். ஐந்து வாரக் கூலியைக் கைக்காசிலிருந்து போட உங்களால் முடியாது, முன்பணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அபராத விதியை முழுக்க எடுக்க மாட்டார்கள். ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை என்பது உச்சவரம்பு, நீதிமன்றம் தருவது நியாயமான இழப்பீடுதான். ஆனால் உங்கள் பில்லில் அவர்கள் பிடித்துக்கொண்டால் நீங்கள்தான் வழக்குக்கு அலைய வேண்டும். எனவே மொத்த அபராதம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்றும், மழை, இடி, காற்று, அவர்கள் அனுமதி தராத நாள் எதுவும் தாமதக் கணக்கில் சேராது என்றும் எழுதி வாங்குங்கள். எந்தக் காற்றில் நிறுத்துவது என்பதை மேலே நிற்கும் மேற்பார்வையாளர்தான் முடிவுசெய்வார் என்ற வரியும் ஒப்பந்தத்தில் வேண்டும். கீழே நிற்கும் யாரும் "இன்னும் ஒரு டிராப் முடிச்சிடுங்க" என்று சொல்ல முடியாதபடி.

அக்டோபர் நடுவில் ஏன்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில், வாரத்துக்கு இரண்டே நாள் வேலை, ஐந்து வாரம், நாளுக்கு 1 சதவீதம் அபராதம். இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் கட்டப்போகும் தொகை கண்ணுக்குத் தெரியும். ஒரு புயல் சின்னம் வந்தால் இரண்டு வார இறுதி போய்விடும்.

உங்கள் கடிதத்தில் ஆகஸ்ட் தேதி இருக்கிறது. நவம்பரில் வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள் என்பதுதான் அவர்கள் அவசரம் என்றால், செப்டம்பர் முதல் வாரமே தொடங்கி அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடிப்பதாகச் சொல்லுங்கள். செப்டம்பரில் இடி மழை பெரும்பாலும் மாலையில்தான், காலை ஆறரைக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் பெரும்பகுதி வேலை முடியும். மேற்குப் பக்கத்தைக் காலையில் செய்யுங்கள், வெயில் பட்டால் மருந்து துடைக்கும் முன்னே காய்ந்துவிடும். அடுத்த சுற்று மழை ஓய்ந்து ஜனவரியில், அதற்கடுத்தது ஏப்ரல் முதல் பாதியில் இருக்கட்டும். கத்திரி வெயிலில் யாரையும் கண்ணாடிச் சுவரில் தொங்கவிடாதீர்கள். நான்காவது ஜூலையில்.

ஆங்கர் சான்றிதழ், முன்பணம், மழை நாள் விதி. இந்த மூன்றில் எதை மறுத்தாலும் வேலையைப் போட்டியாளருக்கே விட்டுவிடுங்கள். மூன்றும் கிடைத்தால், திருத்திய ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காப்பீட்டு பாலிசியின் நகலையும் கொண்டுபோங்கள், இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.